என் கணவருக்கு ஒரு பியானோ டீச்சர்

அன்று நான் வேலை செய்யும் பள்ளிக்கூடத்தில் ஏதோ ஒயர் எரிந்து கரண்ட் போய்விட்டது. ஆபீசில் வேலை செய்யும் எங்களை மதியமே வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அம்பத்தூரில் நாங்கள் இருப்பது மாடி வீடு. படியேறும்போதே உள்ளேயிருந்து சத்தம் கேட்டது. ஒரு சுரம், கொஞ்சம் இடைவெளி, மறுபடி அதே சுரம். எங்கள் மகளின் விளையாட்டு கீபோர்டு அது. பிறந்தநாளுக்கு வந்தது. ஒரு வாரம் தட்டிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டிருந்தாள். அவள் பள்ளியிலிருந்து வர இன்னும் நேரம் இருந்தது. வீட்டில் இருக்கக்கூடியவர் முதல் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்த என் கணவர் மட்டும்தான்.

நான் உள்ளே போகாமல் படியிலேயே உட்கார்ந்துகொண்டேன்.

அவர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பவர் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர். இரும்புத் தகட்டை அச்சில் வைத்து பெடலை மிதித்தால் மேலிருந்து இறங்கி வெட்டும் மெஷின் அது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் அவருடைய வலது கையின் மோதிர விரலையும் சுண்டு விரலையும் அது வெட்டிவிட்டது. மோதிர விரலில் அடிக்கணு மட்டும் மிச்சம். எங்கள் பக்கத்தில் இது புதிதான விஷயம் இல்லை. ரேஷன் கடை வரிசையில் நின்றால் அப்படி ஒரு கையாவது கண்ணில் படும். கம்பெனியில் அவரை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். வேலைக்குப் போனார், வந்தார், மகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தார். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு எல்லாம் பழையபடி இருப்பதாகத்தான் தோன்றும்.

ஆனால் அந்தக் கையை அவர் யாருக்கும் காட்டமாட்டார். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை. பஸ்ஸில் கை பேண்ட் பாக்கெட்டுக்குள் இருக்கும். சாப்பிடும்போது எங்களுக்கு முதுகைக் காட்டி டிவியைப் பார்த்து உட்காருவார். தூங்கும்போது அந்தக் கை தலையணைக்கு அடியில் போய்விடும். ஆஸ்பத்திரியில் விரல்களுக்குப் பயிற்சி செய்யச் சொல்லி ஒரு ரப்பர் பந்து கொடுத்தார்கள். அது ஜன்னல் ஓரத்தில் தூசி படிந்து கிடந்தது. கட்டுப் பிரித்த பிறகு அந்தக் கையை நான் வெளிச்சத்தில் பார்த்ததே இல்லை. கேட்டுப் பார்க்க எனக்குத் தைரியமும் வரவில்லை.

அதனால்தான் படியில் உட்கார்ந்தேன். கால் மரத்துப் போகும்வரை அந்த ஒற்றைச் சுரங்களைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கீழ் வீட்டு அம்மா வெளியே வந்து, "இன்னாம்மா, சாவி எடுத்துகினு போவலியா?" என்று சத்தமாகக் கேட்டதும் உள்ளே சத்தம் நின்றுபோனது.

நான் கதவைத் திறந்தபோது கீபோர்டு அவர் மடியில் இருந்தது. வலது கை லுங்கி மடிப்புக்குள் போய்விட்டிருந்தது.

"ஒரே தூசி. தட்டினேன்" என்றார்.

"ம்" என்று சொல்லிவிட்டு டீ போடப் போனேன்.

சில வாரங்கள் கழித்து, துணி மடித்துக்கொண்டிருந்த என்னிடம் அவராகவே கேட்டார்: "பியானோ சொல்லித் தர்றவங்க யாராச்சும் இந்தப் பக்கம் இருக்காங்களா?"

"பாப்பாவுக்கா?"

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஆமா, பாப்பாவுக்குத்தான்" என்றார்.

வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் தலையைத் தூக்கினாள். "எனக்கு வேணாம்பா. நான்தான் கராத்தே போறேனே."

அவர் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். எனக்குப் புரிந்துவிட்டது.

முதலில் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பேக்கரிக்கு மேலே இருந்த ஒரு மியூசிக் ஸ்கூலுக்கு நான் தனியாகப் போனேன். டான்ஸ், டிராயிங், கிதார், பியானோ எல்லாம் அங்கே உண்டு. கவுன்ட்டரில் இருந்த பெண் சிரித்த முகமாகப் பேனாவை எடுத்துக்கொண்டாள்.

"குழந்தைக்கு என்ன வயசு மேடம்?"

"நாற்பத்து மூணு."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்கா மேடம்?"

"என் வீட்டுக்காரருக்கு."

அவள் கெட்டவள் இல்லை. உள்ளே போய்க் கேட்டுவிட்டும் வந்தாள். பெரியவர்களுக்குத் தனி வகுப்பு கிடையாதாம். வேண்டுமானால் சனிக்கிழமை சின்னப் பிள்ளைகளோடு உட்காரலாமாம். நான் எட்டிப் பார்த்தேன். குட்டி நாற்காலிகளில் பிள்ளைகள் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் தட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே அவரை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கையைப் பற்றி நான் பேச்சே எடுக்கவில்லை.

இரண்டாவதாகக் கிடைத்தவர் கொரட்டூரில் இருந்தார். ஏரிக்கரைப் பக்கம் அபார்ட்மென்ட்டில் வீடு. போனில் பேசியபோது, "பெரியவங்களும் வருவாங்க, கூட்டிட்டு வாங்க" என்றார். இந்த முறை கணவரையும் அழைத்துக்கொண்டு போனேன். ஹாலில் நிஜமான பியானோ இருந்தது. கறுப்பு மரம், முகம் தெரியும் அளவுக்குப் பளபளப்பு. சுவர் முழுக்கப் பரீட்சை பாஸ் செய்த பிள்ளைகளின் போட்டோக்கள்.

"கைய வைங்க சார், உட்கார்ற விதம் பாக்கலாம்" என்றார் அவர்.

என் கணவர் இடது கையை வைத்தார்.

"ரெண்டும்."

கணவர் என்னைப் பார்த்தார். நான்தான் சொன்னேன். அந்த மனிதர் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு எதிரே உட்கார்ந்து மெதுவாகப் பேசினார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். நான் பரீட்சைக்குத் தயார் பண்றவன். முதல் பாடமே அஞ்சு விரலுக்குத்தான். எனக்கு வேற மாதிரி சொல்லித் தரத் தெரியாது. தெரியாததைத் தெரியும்னு சொல்லி உங்களை வரச் சொல்லக் கூடாதில்ல?"

கிளம்பும்போது அவருக்கு என்ன தோன்றியதோ, பியானோவின் மேல் மூடியைத் திறந்து உள்ளே இருப்பதை என் கணவருக்குக் காட்டினார். இருவரும் தலையைக் குனிந்து வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வரும்போது மின்சார ரயிலில் உட்கார இடம் இருந்தும் அவர் கதவோரம் நின்றார். நானும் பக்கத்தில் நின்றேன். அழுதுவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

"உள்ள பாத்தியா?" என்றார். "குட்டிச் சுத்தி மாதிரி ஒண்ணு. கட்டைய அழுத்துனா எழும்பி கம்பிய அடிக்குது. அடிச்ச உடனே தானா பின்னால வந்துடுது. நாம கட்டைய அழுத்திக்கினே இருந்தாலும் அது அங்கியே நிக்கிறதில்ல."

பிரஸ் ஓட்டியவர் கண்ணில் அதுதான் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அம்பத்தூரில் இறங்கியதும், "அவர் தப்பா ஒண்ணும் சொல்லல" என்றார், நான் ஏதோ குறை சொன்னதுபோல.

அதன் பிறகு அந்தப் பேச்சே எழவில்லை. மழைக்காலம் வந்து போனது. விளையாட்டு கீபோர்டு மறுபடி கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. என்னால்தான் அதை விட முடியவில்லை. இரண்டு வருடத்தில் அவர் தனக்கென்று கேட்டது அந்த ஒன்றைத்தான். பள்ளியில் யாரைப் பார்த்தாலும் கேட்டுவைத்தேன். கடைசியில் எங்கள் சயின்ஸ் டீச்சர் ஒருத்தி, தன் சர்ச்சில் கீபோர்டு வாசிக்கும் பெண் அண்ணனூரில் வீட்டிலேயே சொல்லித் தருகிறாள் என்றாள்.

மறுபடி அவரைக் கூட்டிக்கொண்டு போய்த் தலைகுனிய வைக்க எனக்கு மனமில்லை. தனியாகவே போனேன். ஸ்டேஷனில் இறங்கி நடக்கிற தூரம். கதவைத் திறந்தவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. இடுப்பில் கைக்குழந்தை, தோளில் அது கக்கிய பால் காயாத துண்டு. கணவன் ரயில் பெட்டிகளைப் பராமரிக்கும் ஷெட்டில் வேலை செய்வதாகச் சொன்னாள். முன்னறையில் பெரிய டிஜிட்டல் பியானோ ஒன்று சுவரோடு போட்டிருந்தது. அதன் மேல் குழந்தையின் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன.

இந்த முறை நான் எதையும் ஒளிக்கவில்லை. அவர் வயது, வேலை, பிரஸ், கை, கொரட்டூர் என்று மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவள் குழந்தையைத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"எந்த விரல் அக்கா?"

அதுவரை அப்படிக் கேட்டவர்கள் யாரும் இல்லை. 'ஐயோ' என்பார்கள். 'எப்படி ஆச்சு' என்பார்கள். 'காசு குடுத்தாங்களா' என்றுகூடக் கேட்டிருக்கிறார்கள்.

"வலது கையில மோதிர விரலும் சுண்டு விரலும்."

அவள் குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு, துணிகளை ஒதுக்கித் தள்ளி, பியானோ முன்னால் உட்கார்ந்தாள். வலது கையில் அந்த இரண்டு விரல்களை மடக்கிக்கொண்டு மீதி மூன்றால் ஏதோ வாசிக்கப் பார்த்தாள். தடுக்கியது. மறுபடி வாசித்தாள். கட்டை விரலை மற்ற விரல்களுக்கு அடியில் நுழைத்து நுழைத்து மேலே ஏறினாள். மடக்கிய விரல்கள் தாமாக நீண்டன. சிரித்துக்கொண்டே இடது கையால் அவற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா வராம இல்ல" என்றாள். "நான் பெரிய டீச்சர்லாம் கிடையாதுக்கா. என்கிட்ட வர்றது எல்லாம் குட்டிப் பசங்க. அண்ணாவுக்கு எப்படிச் சொல்லித் தரணும்னு எனக்கும் இப்பத் தெரியாது. வரச் சொல்லுங்க. பாத்துப் பாத்துப் போலாம்."

வீட்டில் வந்து சொன்னபோது அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "அந்தப் பொண்ணையும் எதுக்கு சங்கடப்படுத்தணும்" என்றார். அவள் விரல்களை மடக்கி வாசித்துப் பார்த்ததைச் சொன்னேன். நிஜமாகவா என்று கேட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புறப்பட்டுவிட்டார்.

முதல் நாள் வகுப்பை என்னால் மறக்க முடியாது. அவர் முழுக்கைச் சட்டையில் பட்டன் போட்டுக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். டீச்சர் ஆரம்பிக்கப் போகும்போது உள்ளே குழந்தை அழுதது. ஓடிப்போய்த் தூக்கி வந்து, "அக்கா, கொஞ்சம்..." என்று என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டு சமையலறைப் பக்கம் போய் உலாத்தினேன். வெளியே அவள் குரல் கேட்டது.

"ரெண்டு கையும் வைங்கண்ணா. சட்டைய மடிச்சி விட்டுக்குங்க, இல்லன்னா மணிக்கட்டு எனக்குத் தெரியாது."

குழந்தை விரலைச் சூப்பிக்கொண்டு அமைதியாகிவிட்டது. பிறகு ஒரு சுரம் கேட்டது. நான் குழந்தையோடு சமையலறை வாசல் வரைக்கும் வந்து எட்டிப் பார்த்தேன்.

ஜன்னல் வெளிச்சம் நேராகப் பியானோ மேல் விழுந்திருந்தது. முழங்கை வரை மடித்த சட்டை. வெள்ளைக் கட்டைகள் மேல் அந்தக் கை. தையல் போட்ட இடம் வெளுத்து வழவழப்பாக இருந்தது. மிச்சம் இருந்த மோதிர விரல் கணு, கூட வர முடியாத பிள்ளை எட்டி எட்டிப் பார்ப்பது போல, மற்ற விரல்கள் அசையும்போதெல்லாம் தானும் அசைந்தது. நான் மனதில் வைத்திருந்த அளவுக்குப் பயங்கரமாக அது இல்லை. இரண்டு வருடமாக இருட்டிலேயே நான் அதைப் பெரிதாக்கி வைத்திருந்தேன் போல. அறிமுகமே இல்லாத ஒரு பெண் முன்னால் வைக்க முடிந்த கையை என் முன்னால் ஏன் வைக்கவில்லை என்று ஒரு நொடி மனசு சுருக்கென்றது. அடுத்த நொடியே, எப்படியோ வெளியே வந்ததே என்றும் இருந்தது. குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அது நெளிந்தது.

டீச்சர் அந்தக் கணுவைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "இதுவும் அழுத்தப் பாக்குது இல்ல? கட்டையில பட்டா வலிக்குதாண்ணா?"

"வலிக்கல. கூச்சமா இருக்கு."

"எந்தக் கூச்சம்? தோல் கூசுதா, இல்ல என்னப் பாத்தா கூச்சமா?"

அவர் சிரித்துவிட்டார். வாய்விட்டு, தோள் குலுங்கச் சிரித்தார். "ரெண்டும்தாம்மா."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்கள் அப்படியே அமைந்துவிட்டன. சாப்பாடு முடிந்ததும் ரயில், அண்ணனூர், வகுப்பு. அவர் வாசிப்பார், டீச்சர் பக்கத்தில் நின்றுகொண்டு எந்த விரலுக்குப் பதில் எந்த விரல் என்று யோசிப்பாள். சில சமயம் முந்தின வாரம் சொன்னதை மாற்றி, "சாரிண்ணா, நான் தப்பாச் சொல்லிட்டேன், இப்படித்தான் சுலபமா வருது" என்பாள். குழந்தை என் பொறுப்பு. அதற்குச் சோறு ஊட்டினேன், தூங்கவைத்தேன், பல் முளைத்தபோது என் வளையலைக் கடிக்கக் கொடுத்தேன். வீட்டில் பழைய கீபோர்டு ஒன்று வாங்கிப் போட்டோம். ஒருவர் வெளியூர் போகும்போது விற்றது. ஸ்டோர்ஸ் வேலை முடிந்து வந்ததும் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார். ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசிப்பார். மகள் அறையிலிருந்து கத்துவாள்: "அப்பா, மூணாவது நோட்டு தப்பு!"

அப்புறம் ஒரு ஞாயிறு கெட்டுப்போனது.

எங்களுக்கு முந்தின வகுப்புக்கு வரும் ஒரு பிள்ளையின் அம்மா அன்று கிளம்பாமல் நின்றிருந்தாள். என் கணவர் இரண்டு கையும் சேர்த்து ஒரு சின்னப் பாடத்தை முதல்முறையாகத் தடுக்காமல் வாசித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தபோது அந்தம்மா போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"எவ்ளோ பெரிய விஷயம் சார் இது! எல்லாரும் பாக்கணும். நான் போடறேன்" என்றாள்.

அவர் எழுந்தார். சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் குழந்தையை டீச்சரிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் ஓடினேன். பிளாட்பாரத்தில் கை பாக்கெட்டுக்குள் போய்விட்டிருந்தது.

"நான் என்ன கண்காட்சியா?" என்றார். அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார். நான் கூப்பிடவில்லை.

அன்று நாலு மணி சுமாருக்குக் கதவு தட்டும் சத்தம். டீச்சர் நின்றிருந்தாள். இடுப்பில் குழந்தை, தோளில் பை, வியர்வையில் ஊறிய முகம். ரயிலில் வந்து, ஸ்டேஷனிலிருந்து விலாசம் கேட்டுக்கேட்டு நடந்து வந்திருக்கிறாள். குழந்தை என்னைப் பார்த்ததும் தாவியது.

அவர் படுக்கையிலிருந்து எழுந்து வந்தார். லுங்கியைச் சரி செய்துகொண்டு, "இன்னாம்மா இது, வெயில்ல, கொழந்தைய வேற தூக்கிகினு..." என்று தடுமாறினார்.

"அந்தக்கா கிட்டச் சொல்லி வீடியோவ அழிக்க வெச்சிட்டேண்ணா. என் முன்னாலயே அழிச்சாங்க. அவங்களுக்கும் கஷ்டமாப் போச்சு. நல்லதுன்னு நினைச்சுத்தான் எடுத்தாங்களாம்" என்றாள். நான் கொடுத்த மோரை ஒரே மூச்சில் குடித்தாள். "என் வீட்ல நடந்ததுக்கு நான்தான் பொறுப்பு. இனிமே உங்க நேரத்துல வேற யாரும் உள்ள இருக்கமாட்டாங்க. நீங்க வரலன்னா நான் இங்க வந்து சொல்லித் தரேன். ஆனா இவளத் தூக்கிட்டு வாராவாரம் இந்தப் படி ஏற முடியுமான்னு தெரியல."

அவர் போய்க் கீபோர்டுக்கு ஸ்விட்ச் போட்டார். அடுத்த ஞாயிற்றிலிருந்து மறுபடி அண்ணனூர்.

அதே சமயத்தில்தான் அவருடைய பழைய சிநேகிதர் ஒருத்தர் வீட்டுக்கு வந்தார். பிரஸ் ஷாப்பில் பக்கத்து மெஷின் ஓட்டியவர். கை வெட்டுப்பட்ட அன்று தன் சட்டையைக் கழற்றி என் கணவரின் கையைச் சுற்றி, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர்தான். அதன் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் அவர் வந்ததில்லை. கம்பெனியில்கூட ஸ்டோர்ஸ் ஜன்னலுக்கு வேறு யாரையாவது அனுப்பிவிடுவார் என்று கணவர் சொல்வார். இப்போது தங்கை கல்யாணப் பத்திரிகையோடு வந்திருந்தார்.

கணவர் வாசித்துக்கொண்டிருந்தார். கதவு திறந்ததைக் கவனிக்கவில்லை. சிநேகிதர் பத்திரிகைத் தட்டை ஏந்திக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டார். அவர் கண் அந்தக் கையை விட்டு நகரவில்லை. நான் "உள்ள வாங்கண்ணா" என்றதும்தான் கணவர் திரும்பினார். கையை எடுக்கப் போனார். எடுக்கவில்லை. அப்படியே வைத்திருந்தார்.

"வாடா. உக்காரு."

சிநேகிதர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "வலிக்கலியா மாமே?"

"வலியெல்லாம் எப்பவோ போயிட்ச்சி."

"எனக்குக் கனவுல வருது மச்சான்" என்றார் அவர். "அந்தச் சட்டையத் தொவைக்கவே இல்ல. தூக்கிப் போடவும் மனசு வரல. பரண்ல கீது."

"தூக்கிப் போட்ரு" என்றார் கணவர். "இன்னிக்கே போட்ரு." பிறகு, சிநேகிதர் அழுதுவிடாமல் இருக்கத்தானோ என்னவோ, விட்ட இடத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தார். சிநேகிதர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்.

"இது இன்னா பாட்டு மாமே?"

"பாட்டு இல்லடா. பயிற்சி."

"அப்ப பாட்டு எப்ப வரும்?"

"தெரில. வரும்."

மகள் அறைக்குள் சிரித்தாள். சிநேகிதரும் சிரித்தார். அன்று அவர் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். இரண்டு பேரும் தரையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

டீச்சரின் கணவருக்கு மாற்றல் வந்தது அடுத்த கோடையில். வட மாநிலத்தில் எங்கோ. அவள் அதைச் சொல்லும்போது பியானோவின் மேலிருந்த துணிகளை மடித்தபடியே சொன்னாள், எங்களைப் பார்க்காமல். "போன்ல வீடியோ போட்டுச் சொல்லித் தரேன்னு சொல்லலாம். ஆனா அது சரியா வராதுண்ணா. உங்களுக்குப் பக்கத்துல நின்னு பாத்தாத்தான் தெரியும்." கணவர் அவள் குழந்தைக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கி வைத்திருந்தார், நடந்தால் கீச்சு கீச்சென்று சத்தம் போடுமே, அது. அதைப் போட்டுக்கொண்டு குழந்தை அறை முழுக்கத் தத்தித் தத்தி நடந்தது. கிளம்பும்போது நான்தான் அழுதேன். அவர் கலங்கவில்லை. அவளிடம் கை நீட்டினார், வலது கையை. அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

மறுபடி யாரைத் தேடிப் போவது, எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று எனக்குக் கவலையாக இருந்தது. ஒரு சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்தபோது அவர் பால்கனியில் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"எனக்குத்தான் சார்... நாற்பத்து நாலு... ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன். வலது கையில ரெண்டு விரல் இல்ல... பிரஸ்ல... ஆமா, வாசிக்கிறேன். ரெண்டு கையும் சேத்து வாசிப்பேன்... முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, நான் வேற ஆளப் பாக்கறேன்."

அந்தப் பக்கம் இருந்தவர் ஏதோ கேட்டார். இவர், "கடைசி ரெண்டு விரல்" என்று பதில் சொன்னார். அந்த ஆளைப் பிடித்துக் கொடுத்தது பத்திரிகை வைக்க வந்த சிநேகிதர்தான். பட்டாபிராமில் இருக்கும் அந்த மனிதர் கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிப்பவர். சிநேகிதரின் தங்கை கல்யாணத்தில் வாசித்ததும் அவர் குழுதான்.

இப்போது ஞாயிறு காலையில் அவர் தனியாகப் பட்டாபிராம் போகிறார். நான் கூடப் போவதில்லை. என்னை யாரும் குழந்தை பார்த்துக்கொள்ளக் கூப்பிடவும் இல்லை. அந்த நேரம் எனக்கே எனக்கு. முதல் இரண்டு வாரம் என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டைக் கழுவினேன். இப்போதெல்லாம் சும்மா படுத்துக்கொள்கிறேன்.

போன வாரம் அவர் திரும்பி வந்தபோது முகம் கடுகடுவென்று இருந்தது. பையை நாற்காலியில் எறிந்தார்.

"என்னாச்சு?" என்றேன். யாராவது ஏதாவது சொல்லிவிட்டார்களோ என்று நினைத்தேன்.

"அந்த ஆளு இன்னா சொல்றாருன்னு கேளு. 'அண்ணாத்தே, ரைட்டு கை சூப்பரா கீது. அத வுடு. லெஃப்ட்டு கைதான் தாளத்துலியே நிக்க மாட்டுது. அஞ்சு வெரலும் வெச்சிகினு இன்னா பண்றே நீ?'ன்றாரு."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் முறைத்தார். "இன்னா சிரிப்பு? ஒரு வாரமா உக்காந்து வாசிச்சிருக்கேன் அத."

"சரிதானோ என்னமோ. பாப்பாவும் அதத்தான் சொன்னா."

"நீங்க ரெண்டு பேரும் ஒண்ணு" என்றார். மாணவர்களுக்கு வரும் அசல் கோபம். சாப்பிடாமல்கூட கீபோர்டு முன்னால் போய் உட்கார்ந்தார். வலது கையைத் தொடையில் மல்லாக்க வைத்துக்கொண்டு இடது கையால் மட்டும் அந்த வரியை வாசித்தார். தாளத்தில் கை நிற்கவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். உள்ளே மகள், "மெதுவாப் போப்பா, ஓடுறே" என்று கத்தினாள். நான் குழம்பைச் சூடு பண்ண அடுப்பைப் பற்றவைத்தேன்.